முதல் புத்தகம் வருகிறதா? விழாவுக்கு முன் இதைக் கவனியுங்கள்

புத்தகம் அச்சகத்தில் இருக்கும்போதே பலருக்கு மனசு வெளியீட்டு விழாவுக்குப் போய்விடுகிறது. மண்டபம், தலைமை, சால்வை, அழைப்பிதழில் யார் பெயர் மேலே யார் பெயர் கீழே என்பதிலேயே ஒரு மாதம் ஓடிவிடும். விழாவே விளம்பரம் என்று நம்புவதுதான் நெல்லைப் பக்கத்தில் நான் அதிகம் பார்க்கும் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதற்குள்தான் அடக்கம்.

பேச்சாளரை எடுத்துக்கொள்ளுங்கள். போன் செய்து சம்மதம் வாங்கிவிடுகிறோம். புத்தகம் அவர் கைக்கு மேடையில்தான் போகிறது. அட்டையைப் பார்த்து, பின்னட்டையைப் பார்த்து, நடுவில் ஒரு பக்கத்தைப் புரட்டி, 'தம்பி இன்னும் நிறைய எழுத வேண்டும்' என்று முடித்துவிடுவார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? மூன்று வாரம் முன்பே பக்கங்களைப் படியெடுத்துக் கொடுத்திருந்தால், ஒரு கதையையாவது எடுத்துப் பேசியிருப்பார். கேட்டவர்களில் நாலு பேருக்கு அந்தக் கதையைப் படிக்கத் தோன்றியிருக்கும். வாழ்த்துரை பத்து பேர் என்பதைக் குறைத்து, படித்துவிட்டு வரும் இரண்டு பேரை மேடையேற்றினாலே போதும்.

அடுத்து, விற்பனை மேசை. அதை மேடைக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் போட்டுவிட்டு, உட்காரவேண்டிய மைத்துனரைப் போட்டோ எடுக்க அனுப்பிவிடுவார்கள். வாசலை ஒட்டிப் போடுங்கள். சில்லறை இருக்கட்டும், ஜிபே அட்டை கண்ணில் படும்படி நிற்கட்டும். அம்பாசமுத்திரத்துக்கும் ஆலங்குளத்துக்கும் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் நன்றியுரை வரை இருக்கமாட்டார்கள்; எழுந்து போகிறபோதுதான் வாங்குவார்கள்.

தேதியிலும் கவனம் வேண்டும். பெரிய முகூர்த்த நாளிலோ, நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தன்றோ டவுணில் விழா வைத்தால், நாற்காலிகளைப் பார்த்துத்தான் ஏற்புரை சொல்ல வேண்டிவரும். சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி வருகிறது. அடுத்து நம்ம ஊர் 'பொருநை நெல்லை புத்தகத் திருவிழா'. புத்தகம் இதற்கெல்லாம் முன்பே கையில் இருக்க வேண்டும், எந்த அரங்கில் கிடைக்கும் என்பதும் பேசி முடிவாகியிருக்க வேண்டும். திருவிழா நடக்கிற வாரத்தில் அச்சகத்தை விரட்டினால் பிழைதான் மிஞ்சும்.

இனி வாட்ஸ்அப். பள்ளி நண்பர்கள் குழு, தெருக் குழு, சொந்தக்காரர் குழு எல்லாவற்றிலும் அட்டைப் படத்தைத் தினமும் போடுவது. அதில் விலை இருக்காது, பக்கம் எத்தனை என்று இருக்காது, யாரிடம் கேட்டு வாங்குவது என்றும் இருக்காது. கட்டைவிரல் குறி நிறைய விழும், அவ்வளவுதான். வாரத்துக்கு ஒருமுறை புத்தகத்திலிருந்து நல்ல பத்தி ஒன்றை மட்டும் போட்டு, கீழே விலையும் எண்ணும் கொடுத்துப் பாருங்கள். முன்பதிவுக்குப் பணம் வாங்கினால், சொன்ன தேதியில் அனுப்பியாக வேண்டும். தாமதமானால் அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இலவசப் பிரதியில்தான் கை ரொம்ப நீளுகிறது. பிரமுகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவை அலமாரிக்குப் போகும். கொடுக்கத்தான் வேண்டும், படித்து நாலு வரி எழுதுகிறவர்களாகப் பார்த்துக் கொடுங்கள். டவுண் சுடலைமாடன் கோயில் தெருவில் இருந்துகொண்டு, புதிதாக எழுத வந்தவர்களுக்கு அஞ்சலட்டை எழுதிக்கொண்டே இருந்தார் விமர்சகர் தி.க.சி. அவர் 2014இல் மறைந்துவிட்டார். ஆனால் அப்படிப் படிக்கிற ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள்: கல்லூரித் தமிழ்த் துறையில், நூலக வாசகர் வட்டத்தில், சிற்றிதழ்களில். முகவரி வாங்கி, சின்னக் கடிதத்தோடு அனுப்புங்கள். 'படித்தீர்களா' என்று மறுவாரமே போன் போடாதீர்கள்.

மதிப்புரைக்கு நண்பர்களைக் கேட்கிறபோதும் 'அருமை, வாழ்த்துகள்' வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடலாம். எந்தக் கதை பிடித்தது, எது இழுவையாக இருந்தது என்று எழுதச் சொல்லுங்கள். குறை சொன்ன மதிப்புரையைப் பார்த்துப் புத்தகம் வாங்குகிறவர்களும் உண்டு.

கடைகளில் வைக்கப் போகிறீர்கள் என்றால் கடைக்காரருக்கு விலையில் விட்டுக்கொடுக்கும் கழிவு எவ்வளவு, விற்காத பிரதி எப்போது திரும்பும் என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் ஆறு மாதம் கழித்துக் கணக்கு கேட்கக் கூச்சமாக இருக்கும்.