நிறுவன ஆளுகை ரேட்டிங்கை நம்பலாமா? எக்செல்லில் நீங்களே சோதித்துப் பார்க்கும் முறை

ஒரு நிறுவனத்தின் ஆளுகைக்கு, அதாவது அது எவ்வளவு நேர்மையாகவும் கண்காணிப்போடும் நடத்தப்படுகிறது என்பதற்கு, 100-க்கு 82 மதிப்பெண் என்று ரேட்டிங் முகமை சொல்கிறது. அந்த 82 வரப்போகும் கோளாறை முன்கூட்டியே காட்டுகிறதா? முதலீட்டாளருக்கு வேண்டிய பதில் இது ஒன்றுதான். சோதித்துப் பார்க்க எக்செல் போதும்.

படி 1: அளவுகோல் எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பாருங்கள். பங்குதாரர்களுக்கு ஆலோசனை தரும் ஐஎஸ்எஸ் நிறுவனத்தின் குவாலிட்டி ஸ்கோரில் 1 என்றால் ஆபத்து மிகக் குறைவு, 10 என்றால் மிக அதிகம். எண் கூடக்கூட நல்லது என்று வைத்திருக்கும் முகமைகளும் உண்டு. இரண்டையும் அப்படியே கலந்தால் முடிவு தலைகீழாகிவிடும்.

படி 2: எதை 'கோளாறு' என்று எண்ணப்போகிறீர்கள் என்பதை முதலிலேயே எழுதி வையுங்கள். வெளியிட்ட கணக்கைத் திருத்தி மறுபடி வெளியிட்டது, தணிக்கையாளர் பாதியில் விலகியது, ஒழுங்குமுறை அமைப்பு அபராதம் விதித்தது ஆகிய மூன்றும் போதும். பங்கு விலையை அளவுகோலாக்க வேண்டாம். மோசமான ஆளுகை எல்லோருக்கும் தெரிந்ததாக இருந்தால், விலை ஏற்கெனவே அதைக் கழித்துக்கொண்டிருக்கும்.

படி 3: தேதி. பெரும்பாலான சோதனைகள் கெட்டுப்போவது இங்கேதான். சத்யம் கம்ப்யூட்டர்ஸ் 2008 செப்டம்பரில் ஆளுகைக்கான கோல்டன் பீகாக் விருதைப் பெற்றது. 2009 ஜனவரி 7 அன்று கணக்குகள் பொய் என்று அதன் தலைவரே ஒப்புக்கொண்டார். பிறகு விருது பறிக்கப்பட்டது. இன்றைய பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு அந்தப் பிழை கண்ணில் படாது. ரேட்டிங்கும் அப்படித்தான், ஊழல் வெடித்தபின் குறைத்த மதிப்பெண் தீர்க்கதரிசனம் போலத் தெரியும். எனவே 2019 டிசம்பர் 31 அன்று இருந்த மதிப்பெண்ணை எடுத்து, 2020 முதல் 2022 வரை நடந்ததோடு ஒப்பிடுங்கள். இடையில் திவாலான, சந்தையிலிருந்து நீக்கப்பட்ட நிறுவனங்களையும் விடாதீர்கள். அவற்றை விட்டுவிட்டால் ரேட்டிங்கின் பெரிய தவறுகள் தாளிலேயே இருக்காது.

படி 4: மதிப்பெண்படி வரிசைப்படுத்தி ஐந்து சம குழுக்களாகப் பிரியுங்கள். 500 நிறுவனங்கள், மொத்தம் 25 கோளாறுகள் என்று வைத்துக்கொள்வோம். ரேட்டிங் பயனற்றது என்றால் குழுவுக்குச் சராசரியாக 5 வரும். மேல் குழுவிலிருந்து கீழ்வரை 3, 4, 5, 6, 7 என்று வந்தால் அழகான படிக்கட்டு போலத் தெரியும், ஆனால் கை-வர்க்கச் சோதனையில் (chi-square test: குழுக்களின் வேறுபாடு தற்செயலுக்கு மேற்பட்டதா என்று பார்க்கும் கணக்கு), கோளாறு வந்தவை, வராதவை இரண்டையும் சேர்த்துப் போட்டால் கிடைப்பது சுமார் 2.1 மட்டுமே. ஐந்து குழுக்களுக்கு 5% அளவில் (ரேட்டிங் பயனற்றதாக இருந்தும் தற்செயலாகத் தாண்டும் வாய்ப்பு 5% மட்டுமே) தாண்ட வேண்டிய கோடு 9.49. ஆக, இது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். 1, 2, 4, 7, 11 என்று வந்தால் சுமார் 13.9, கோட்டைத் தாண்டிவிட்டது. கோளாறுகள் 25-க்கும் குறைவாக இருந்தால் ஐந்தாகப் பிரிக்காமல் மூன்றாகப் பிரியுங்கள்.

படி 5: நிறுவனத்தின் அளவைக் கழியுங்கள். பெரிய நிறுவனங்கள் அதிக விவரங்களை வெளியிடுகின்றன, அதனாலேயே மதிப்பெண் கூடலாம். சந்தை மதிப்பின்படி பட்டியலை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியிலும் படி 4-ஐ மறுபடி செய்யுங்கள். வேறுபாடு மறைந்துவிட்டால், ரேட்டிங் அளந்தது ஆளுகையை அல்ல, அளவையாக இருக்கலாம்; பாதியில் கோளாறுகள் மிகக் குறைவாக இருப்பதும் காரணமாகலாம்.

படி 6: அதே நிறுவனங்களுக்கு இன்னொரு முகமையின் தரவரிசையை எடுத்து ஒட்டுறவுக் கெழு (correlation: இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்; முழுதும் ஒத்தால் 1, தொடர்பே இல்லையென்றால் 0) போடுங்கள். 2022-இல் வெளியான பெர்க், கோல்பெல், ரிகோபோன் ஆய்வில், ஆறு முகமைகளின் ஆளுகை மதிப்பெண்களுக்கு இடையே சராசரி ஒட்டுறவு வெறும் 0.30. உங்களுக்கும் அதுபோலக் குறைவாக வந்தால் தரவு தவறோ என்று பதற வேண்டாம். இரண்டு முகமைகளும் அதிகமாக முரண்படும் பத்து நிறுவனங்களைத் தனியே எடுத்து, இயக்குநர் குழுவின் சுயேச்சை, தணிக்கைக் கட்டணம், தொடர்புடைய தரப்புப் பரிவர்த்தனைகள் (நிறுவனத்தை நடத்துபவர்களோடும் அவர்களைச் சார்ந்தவர்களோடும் நடக்கும் கொடுக்கல் வாங்கல்) ஆகியவற்றை ஆண்டறிக்கையில் நேரடியாகப் படியுங்கள்.