டிரம்மில் இறங்கும் முன்: ஊட்டிக் குளிரில் ஐஸ் பாத் எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

பயிற்சி முடிந்த பிறகு தசைவலி குறைய டிரம்மில் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி உட்காருவதுதான் ஐஸ் பாத். கீழே கோயம்புத்தூரில் அதை எடுக்க வேண்டுமென்றால் முதலில் ஐஸ் கட்டிக்கு அலைய வேண்டும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில், அதுவும் ஜனவரியில், மொட்டை மாடி டேங்க் தண்ணீரைப் பிடித்தாலே வேலை முடிந்தது. ஆனால் சமவெளிக்காரர்கள் போடும் வீடியோவைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே விறைத்துக் கிடக்கும் தண்ணீரில் ஐஸையும் கொட்டுகிறார்கள் நம் பசங்கள்.

பயிற்சிக்குப் பிந்தைய தசைவலிக்கு 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் 10 நிமிடம், மிஞ்சிப்போனால் 15 நிமிடம் போதும். அதற்குக் கீழே போனால் ஆபத்துதான் கூடும், பலன் கூடாது. தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல்வெளியில் உறைபனி படிகிற நாட்களில் டிரம் தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடுவதுண்டு. அதனால் எங்கள் வீட்டு டிரம்மில் ஐஸுக்குப் பதிலாக ஒரு குடம் வெந்நீர்தான் விழும். கையை விட்டுப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரும் இதற்கு உதவாது, அது அவ்வளவு கீழே காட்டாது. மீன் தொட்டிக்கு விற்பார்களே, அது போதும்.

அடுத்த தவறை நானே செய்திருக்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த அக்கா மகன் டிரிபிள் ஜம்ப் தாண்டுகிறவன். காலையில் தகுதிச்சுற்று, மதியம் இறுதிச்சுற்று. நடுவில் கால் களைப்புத் தீரட்டும் என்று டிரம்மில் இறக்கிவிட்டேன். அரைமணி கழித்து ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றான். "மாமா, விரல் சொன்ன பேச்சக் கேக்கல. லேஸக் கட்டி விடுங்க." பதினேழு வயதுப் பையனுக்கு லேஸ் கட்டிவிட்டேன். முதல் தாண்டலில், மிதித்து எழும்ப வேண்டிய பலகைக்கு அரையடி முன்னாலேயே கால் விழுந்தது.

குளிர்ந்த தசை மெதுவாகத்தான் சுருங்கும். நரம்பு வழியே கட்டளை போகும் வேகமும் குறையும். ஓட்டம், தாண்டல் என்று வெடித்துக் கிளம்ப வேண்டிய போட்டி ஓரிரு மணி நேரத்தில் இருந்தால் தண்ணீர்ப் பக்கமே போகாதீர்கள். மே மாத வெயிலில் திருச்சியில் இரண்டு நீண்ட ஓட்டங்களுக்கு நடுவே என்றால் கதை வேறு. அங்கே உடம்பில் ஏறிய சூட்டை இறக்க வேண்டியிருக்கிறது. ஊட்டிக் காலையில் ஓடியவனிடம் இறக்குவதற்கு என்ன சூடு இருக்கிறது? ஜெர்க்கின் போட்டு மெதுவாக நடக்க விடுங்கள். டிரம்மெல்லாம் மறுநாள் போட்டி என்றால்தான்.

ஜிம்மில் எடை தூக்கி உடம்பு ஏற்றுகிறவர்கள் பயிற்சி முடிந்த கையோடு இறங்குவதும் வீண். ஆஸ்திரேலியாவில் 12 வாரம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் 10 டிகிரி தண்ணீரில் 10 நிமிடம் உட்கார்ந்தவர்களுக்குத் தசையும் பலமும் குறைவாகவே கூடின. தசை வளரச் சொல்லும் சமிக்ஞைகளையும் சேர்த்தே குளிர் அமுக்கிவிடுகிறது.

அப்புறம், பைக்காராவிலும் அவலாஞ்சியிலும் 'இயற்கை ஐஸ் பாத்' என்று குதிக்கிற கூத்து. இரண்டும் மின்சாரத்துக்காகக் கட்டிய ஆழமான அணைகள். குளிர் நீரில் திடீரென விழுந்தால் மூச்சு தன்னாலே உள்ளிழுக்கும். அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் நல்ல நீச்சல்காரனுக்கும் கதி அதோகதிதான். டிரம்மிலும் முதலில் கால், பிறகு இடுப்பு என்று நிதானமாக இறங்குங்கள். மூச்சு சீராக ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கவே வேண்டாம்.

வெளியே வந்ததும் ஈர டவுசரோடு பைக்கில் ஏறி லவ்டேல் இறக்கத்தில் பறப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பகீரென்கிறது. தண்ணீரைவிட்டு ஏறிய பிறகும் சில நிமிடங்களுக்கு உடம்பின் உள்சூடு இறங்கிக்கொண்டேதான் இருக்கும். கைகால் நடுங்குவது அப்போதுதான். உடனே கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக்கொண்டால் சிலருக்குத் தலை சுற்றும். துவட்டி, ஸ்வெட்டரும் குல்லாவும் மாட்டிக்கொண்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டு, லேஸைத் தானே கட்ட வருகிறதா என்று பார்த்த பிறகு வண்டிச் சாவியை எடுக்கலாம்.