சுக்கினி சமையல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடையில் இத்தாலியச் சந்தைகளில் சுக்கினி மலிந்து கிடக்கும். பார்க்க வெள்ளரிக்காய் போலிருக்கும், பூசணி இனத்துக் காய் இது. இந்த மலிவான காயை வைத்தே அங்கே வீடுகளில் அருமையாகச் சமைக்கிறார்கள். அதே காய் பலர் கையில் கொழகொழவென்று, சப்பென்று ஆகிவிடுவதற்குக் காரணம் தண்ணீர். சுக்கினியில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர்தான்.

முதல் தவறு கடையிலேயே நடக்கிறது. ஒரே விலைக்குப் பெரிய காய் கிடைத்தால் லாபம் என்று எடுத்துவிடுகிறோம். பெரிதாக முற்றினால் நடுவில் பஞ்சும் விதையும்தான் மிஞ்சும். 15 முதல் 20 செ.மீ. நீளத்தில், கெட்டியாக, தோல் பளபளப்பாக இருப்பதை எடுங்கள். தோலைச் சீவ வேண்டாம், மணமும் நிறமும் அதில்தான். நறுக்கியதும் ஒரு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். கடுமையாகக் கசந்தால் யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள். அந்தக் கசப்பு நச்சுத்தன்மை உள்ளது, வேகவைத்தாலும் போகாது.

அடுத்தது, வாணலியில் மொத்தமாகக் கொட்டி உடனே உப்பு போடுவது. உப்பு நீரை இழுத்து வெளியே விடும். காய் வறுபடாமல் அவியும். கொஞ்சம் கொஞ்சமாக, நல்ல சூட்டில் வறுத்து, இறக்கிய பிறகு உப்பு தூவுங்கள். முட்டையில் கலந்து ஃப்ரித்தாத்தா என்ற இத்தாலிய ஆம்லெட் செய்வதென்றால் மட்டும் நேர் எதிர்: துருவி, உப்பு பிசிறிக் கால் மணி நேரம் வைத்து, நன்றாகப் பிழிந்துவிட வேண்டும்.

தென் இத்தாலியின் சொரெந்தோ தீபகற்பத்தில் நெரானோ என்று ஒரு சிறு கடற்கரை ஊர். அந்த ஊர்ப் பெயரிலேயே உள்ள சுக்கினி ஸ்பகெட்டி, 1952-ல் மரியா கிராட்சியா என்பவரின் உணவகத்தில் பிறந்ததாகச் சொல்வார்கள். என் பார்வையில் சுக்கினிக்கு இதைவிடப் பெரிய மரியாதை இல்லை. இதில் அவசரம்தான் பெரிய தவறு. மெல்லிய வில்லைகளாக எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்து, துளசி வகையான பாசில் இலைகளைக் கிள்ளிப் போட்டுச் சில மணி நேரமாவது ஊறவிட வேண்டும். அப்போதுதான் வில்லைகள் இளகி, பிறகு சாஸோடு கரையும். பாஸ்தா வெந்த தண்ணீரைக் கீழே கொட்டிவிடாதீர்கள். அதிலுள்ள மாவுச்சத்துதான் சாஸைச் சேர்த்துப் பிடிக்கிறது. அப்புறம் சீஸ். அடுப்பு எரியும்போதே போட்டால் திரண்டு, நூல் நூலாக இழுக்கும். இறக்கி, சூடு சற்றுத் தணிந்ததும் துருவலைத் தூவி, அந்தத் தண்ணீரை விட்டுக் கிளறினால் பாலேடு மாதிரி வழவழவென்று வரும். அங்கே போடுவது ப்ரோவொலோனே தெல் மொனாக்கோ. விலை அதிகம், பார்மேசான் போட்டாலும் சரி, நன்றாகவே இருக்கும்.

நாப்போலி (நேப்பிள்ஸ்) நகரத்தின் ஸ்காபெச்சே என்ற ஊறவைத்த சுக்கினியில், பொரித்த வில்லைகளோடு வினிகர், பூண்டு, புதினா சேரும். செய்த கையோடு சாப்பிட்டால் வினிகர் மட்டும்தான் தெரியும். ஓர் இரவு குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் சில்லிப்பு போனதும், சூடுபடுத்தாமல் அப்படியே பரிமாறுங்கள்.