பழைய புல்லட்டின் வயரிங்: எங்கே கை சுடும்?

பல வருடம் கொட்டகையில் சாய்ந்து கிடந்த பழைய புல்லட்டை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கை பரபரக்கும். புது பேட்டரி வாங்கி மாட்டிச் சாவியைத் திருப்பத் தோன்றும். நானும் அப்படித்தான் செய்தேன். சீட்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. பேட்டரி ஒயரைப் பிடுங்கி எறிந்த பிறகு பார்த்தால், ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி வைத்திருந்தார்கள். யாரோ ஒருவர் வழியில் நின்றபோது அவசரத்துக்குச் செய்தது. அப்புறம் அது அப்படியே நிரந்தரமாகிவிட்டது.

அதனால் பேட்டரியை மாட்டுவதற்கு முன்பே ஃப்யூஸைப் பாருங்கள். ஃப்யூஸ் சரியாக இருந்தாலும் முதல் தடவை அதைப் போடாதீர்கள். அந்த இடத்தில், வண்டியின் வோல்ட்டுக்கு ஏற்ற ஒரு பழைய ஹெட்லைட் பல்பை இரண்டு ஒயரில் கட்டி மாட்டுங்கள். எல்லா சுவிட்சும் ஆஃபில் இருக்கும்போது பல்பு எரியக் கூடாது. பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஒயர் பாடியில் ஷார்ட் ஆகிறது. அப்போதும் பல்பு கரண்டைத் தடுத்துக்கொள்வதால் எதுவும் கருகாது. நிதானமாக ஒவ்வொரு கனெக்டராகக் கழற்றி, எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறது என்று பாருங்கள். சாவி ஆன் ஆகி, பாயிண்ட் (ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்) மூடியிருந்தால் லேசாக எரியும். அது இக்னிஷன் காயில் (ஸ்பார்க்குக்கு வோல்ட்டை ஏற்றும் கம்பிச்சுருள்) இழுக்கும் கரண்ட், பயப்பட வேண்டாம்.

அடுத்தது, வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று கேட்காமலே சாமான் வாங்குவது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. அதன் பிறகு திருவொற்றியூரிலிருந்து வந்த புல்லட்டுகளில் இரண்டு வகையும் உண்டு. போதாததற்கு இடையில் யார் எதை மாற்றினார்கள் என்று ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்காது. என் வண்டி 6 வோல்ட். ஆனால் டெயில் லைட்டில் இருந்தது 12 வோல்ட் பல்பு. அது சோகையாக எரிவதைப் பார்த்து ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது கரண்ட் தயாரிப்பது) போய்விட்டது என்று ஒரு வாரம் அலைந்தேன். ஒவ்வொரு பல்பையும் கழற்றி, அடியில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிடுங்கள்.

பேட்டரியின் எந்த முனை சேஸில் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சேஸில் போகும் அந்த முனைதான் எர்த். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். வழக்கம்போல நெகட்டிவ் என்று நினைத்து மாற்றி மாட்டினால் ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்டிஃபையரின் டயோடு நொடியில் போய்விடும்.

இனி எர்த். என் அனுபவத்தில் பழைய வண்டியின் கரண்ட் கோளாறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் முடிகிறது. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்குகிறது, ஹாரன் அடித்தால் ஹெட்லைட் படுக்கிறது என்றால் சுவிட்சையும் பல்பையும் மாற்றிப் பணத்தை விடாதீர்கள். கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போக வழி கிடைக்காமல் இன்னொரு பல்பு வழியாகச் சுற்றிப் போகிறது, அவ்வளவுதான். சேஸுக்குப் பளபளவென்று பவுடர் கோட்டிங் அடித்து வந்த வண்டிகளில் இது நிச்சயம் வரும். எர்த் போல்ட்டுக்கு அடியிலும் பெயிண்ட் இருக்கும், பெயிண்ட் கரண்டை விடாது. அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் இரும்பு தெரியத் தேய்த்து, லக்கை (ஒயர் முனையில் இருக்கும் உலோக வளையம்) வைத்து இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் போதும். ஹெட்லைட்டுக்கும் டெயில் லைட்டுக்கும் தனியாக ஓர் எர்த் ஒயர் இழுத்து நேராகப் பேட்டரிக்கே கொண்டுவந்துவிடுவது இன்னும் நல்லது. ஸ்டீயரிங் பேரிங்கின் கிரீஸை நம்பி எர்த் எடுப்பது எனக்குப் பிடிக்காது.

எர்த் நன்றாக இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் ஓம்ஸ் (தடையை அளப்பது) வைத்துப் பார்ப்பது பலரும் செய்யும் தப்பு. ஒயருக்குள் இருபது இழையில் ஒரே ஓர் இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் 'எல்லாம் சரி' என்றுதான் காட்டும். லைட்டைப் போட்டு, மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றதைப் பல்பு ஹோல்டரின் உடம்பிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது. 6 வோல்ட் வண்டியில் இது பெரிய விஷயம். வழியில் அரை வோல்ட் போனாலே வெளிச்சத்தில் கால்வாசி போய்விடும், ஒரு வோல்ட் போனால் கிட்டத்தட்ட பாதி.

அதனால்தான் '6 வோல்ட் என்றால் அப்படித்தான் மங்கலாக எரியும்' என்று சொல்லி ஹாலோஜன் மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கணக்கு போட்டுப் பாருங்கள். 35 வாட் பல்பு 6 வோல்ட்டில் ஏறத்தாழ 6 ஆம்பியர் இழுக்கும், 60 வாட் என்றால் 10 ஆம்பியர். பழைய ஆல்டர்னேட்டரால் அதை ஈடுகட்ட முடியாது. பேட்டரி இறங்கும், சுவிட்சின் உள்ளே பித்தளை சூடாகிப் பிளாஸ்டிக் உருகும். முதலில் இருக்கிற பல்புக்கு முழு வோல்ட்டும் போய்ச் சேரட்டும்.

ஒயர் விஷயத்துக்கு வருவோம். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக்கம்பி ஒயரை வண்டியில் போடாதீர்கள். புல்லட்டின் அதிர்வில் அது சில மாதங்களில் உள்ளுக்குள்ளேயே முறிந்துவிடும், மேலே உறை மட்டும் முழுசாகத் தெரியும். பல இழை கொண்ட வண்டி ஒயர்தான் வேண்டும். இரண்டு ஒயரை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றும் பழக்கமும் வேண்டாம். எஞ்சின் சூட்டில் பசை உருகி, டேப் நழுவி, மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். சால்டர் வைத்தால் உறுதி என்று நினைப்போம். ஆனால் ஈயம் ஒயருக்குள் ஏறி விறைத்துப்போய், அது முடியும் இடத்தில்தான் ஒடிகிறது. நல்ல கிரிம்பிங் பிளையரால் லக்கை அழுத்திச் சுருங்கு ஸ்லீவ் போடுவதே எனக்குச் சரியாக வருகிறது.

ஒரு பழைய ஒயரை வெட்டிப் பாருங்கள். உள்ளே செம்பு பளபளத்தால் காப்பாற்றலாம். கறுத்துப்போயிருந்தால், அல்லது எலி கடித்து ஏழெட்டு இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தால், மொத்தமாக மாற்றிவிடுவதே மேல். சென்னையில் புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் ரெடிமேட் வயரிங் செட் கேட்கலாம். வாங்கும்போது ஒயரின் கனத்தைப் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழையதைப் பிடுங்குவதற்கு முன் நாலு கோணத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முனையிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். முப்பது வருடம் ஆன ஒயரில் சிவப்பும் பழுப்பும் ஊதாவும் ஒரே நிறமாகத்தான் தெரியும்.

ஹெட்லைட் கூட்டின் மேலே இருக்கும் ஆம்மீட்டரை (கரண்ட் போவதையும் வருவதையும் முள்ளால் காட்டும் மீட்டர்) அலங்காரம் என்று நினைத்துக் கழற்றி நேராக இணைத்துவிடும் மெக்கானிக்குகள் உண்டு. பழைய புல்லட்டில் கரண்ட் அதன் வழியாகத்தான் போகிறது, பின்னால் நட்டு லூசானால் மொத்த வண்டியும் செத்துவிடும் என்பது உண்மைதான். அதற்கு நட்டை இறுக்கினால் போதுமே! சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்கு வரும். அந்த நேரம் பார்த்து டீகம்ப்ரஷரை (சிலிண்டரின் அழுத்தத்தைத் திறந்துவிடும் லீவர்) பிடித்துக் கிக்கரைக் கொஞ்சம் இறக்கிவிட்டுத்தானே உதைக்கிறோம். முள் அசையவே இல்லை என்றால் ஸ்பார்க் பிளக்கைக் குறை சொல்லாமல் பாயிண்டைத் திறந்து பாருங்கள். அழுக்கைத் துடைத்து இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். முள் மைனஸில் நிற்கும்போது சாவியை மறந்துவிட்டு டீ குடிக்கப் போனால் காயில் சூடாகும், பேட்டரியும் காலியாகும்.

வண்டி ஓட ஆரம்பித்த பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். வோல்ட் எகிறிப் பல்புகள் வரிசையாகப் போகும்.

கடைசியாக, இருட்டிய பிறகு வண்டியைச் சுவர் முன்னால் நிறுத்தி, எல்லா லைட்டையும் போட்டு, ஹேண்டில்பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிப் பாருங்கள். ஸ்டீயரிங் கழுத்தில் ஒயருக்குக் கொஞ்சம் தளர்ச்சி விடாமல் கட்டியிருந்தால் இங்கே தெரிந்துவிடும். என் வண்டியில் இடது பக்கம் முழுசாகத் திருப்பினால் மட்டும் ஹாரன் தானாக அடித்தது. ஹாரன் பட்டனின் வேலையே அந்த ஒயரை எர்த்தோடு சேர்ப்பதுதான். உறை தேய்ந்த இடத்தில் சேஸே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் எதிர்வீட்டுப் பெரியவர் முறைத்துக்கொண்டிருந்தார். இரண்டு அங்குல ஸ்லீவ் ஒன்றைப் போட்டதும் நின்றுவிட்டது.