மரக் காட்டேஜுக்கு கட்டில், மெத்தை வாங்கப் போறீங்களா? அடியில இருந்து ஆரம்பிங்க

காட்டேஜை வாடகைக்கு விடப் போறோம்னு முடிவானதும் எல்லாரும் போட்டோல அழகா தெரியற போர்வையைத்தான் முதல்ல தேடுவோம், நானும் அப்படித்தான் தேடினேன், கடைசில ஒரு முழு மெத்தையைத் தூக்கிப் போட்டேன். வரிசையை மாத்திக்குங்க. முதல்ல இடம், அப்புறம் கட்டில், அப்புறம் மெத்தை, துணிமணி எல்லாம் கடைசில.

இடம்: டேப்பால அளந்தா மட்டும் பத்தாது. பழைய நியூஸ்பேப்பரை கட்டில் சைஸுக்கு ஒட்டி தரையில விரிச்சு ஒரு நாள் பூரா அதைச் சுத்தி நடங்க. குயின் கட்டில்னா மெத்தை அகலம் மட்டும் 60 இன்ச், சட்டம் தனி. நடக்க பக்கத்துக்கு 24 இன்ச்சாவது வேணும், 30 இருந்தா நிம்மதி. கூரை சரிவா இருந்தா மெத்தை உயரத்துக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்து பாருங்க, தலை இடிச்சா ராத்திரி எந்திரிக்கற விருந்தாளிக்கும் இடிக்கும். பரணுக்குப் போற படி குறுகலா இருக்கா? அப்ப கழட்டி மாட்டற கட்டில், சுருட்டிப் பெட்டில வர்ற ஃபோம் மெத்தை, வேற வழியே இல்ல.

கட்டில்: முழு மரத்துண்டுல பட்டையோட செஞ்ச கட்டில் பாக்க ஜோரா இருக்கும், ஆனா பட்டைக்கு அடியில வண்டு குடையும், வெடிப்புல மூட்டைப்பூச்சி குடியேறும். பட்டையை உரிச்சு இழைச்சு வார்னிஷ் அடிச்சதா பாத்து எடுங்க. கையில பழைய நைலான் சாக்ஸ் ஒண்ணை மாட்டிக்கிட்டு சட்டம் முழுக்கத் தடவுங்க, எங்க நூல் மாட்டுதோ அங்க உப்புத்தாள் போடணும். மாடிக் கட்டில் போடறவங்க மேல் தட்டுக்கு தடிமனான மெத்தை வாங்கிடாதீங்க, மெத்தை போட்டதுக்கு அப்புறமும் தடுப்புக் கட்டை 5 இன்ச்சாவது மேல நிக்கணும். 6 வயசுக்கு கீழ இருக்கற குழந்தைங்களை மேல ஏத்தவே வேணாம்.

இப்ப நான் மாட்டிக்கிட்ட கதை. கட்டிலுக்கு அடியில ரீப்பர் கட்டைக்கு (இடைவெளி விட்டு குறுக்க அடிக்கற மெல்லிசான மரச்சட்டம்) பதிலா ஒரே பிளைவுட் பலகையா போட்டுட்டேன், உறுதியா இருக்கும்னு நெனச்சு. மழைக்காலத்துல ரெண்டு மாசம் பூட்டிக் கிடந்தது. திறந்ததும் ஈரச் சாக்கு வாடை. மேல பாத்தா மெத்தை புதுசு மாதிரி இருக்கு, புரட்டினா அடிப்பக்கம் பூரா பேனா மையைத் தெளிச்ச மாதிரி கருப்புக் கருப்பா பூஞ்சை. நாள் கணக்கா வெயில்ல போட்டும் வாடை போகல. நாம தூங்கும்போது வர்ற வேர்வை, மூச்சுக்காத்து ஈரம் எல்லாம் மெத்தைக்குள்ள இறங்குது, அடியில சில்லுனு இருக்கற பலகையில போய் தங்குது, காத்துப் போக வழியில்ல, அப்புறம் பூட்டி வேற வச்சா கேக்கணுமா.

அதனால ரீப்பர்தான். இடைவெளி 2 இன்ச்ல இருந்து 3 இன்ச்சுக்குள்ள, அதுக்கு மேல போனா ஃபோம் மெத்தை நடுவுல பிதுங்கும். குயின் சைஸுக்கு நடுச்சட்டமும் அதுக்கு தரையைத் தொடற காலும் கட்டாயம். அடியில டிராயர் வச்ச கட்டில் இடத்தை மிச்சம் பண்ணும்தான், ஈரமான ஊர்ல எனக்கு அது வேண்டவே வேணாம். பூட்டிட்டுப் போகும்போது விரிப்பெல்லாம் உருவிட்டு மெத்தையை வெறுமனே விடுங்க, பிளாஸ்டிக் கவர் போட்டு மூடினா உள்ள இருக்கற ஈரம் உள்ளயே நிக்கும்.

மெத்தை: என் ஓட்டு பாக்கெட் ஸ்பிரிங்குக்கு (ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித்தனி துணிப்பைக்குள்ள இருக்கும்), ரொம்ப மெத்துனும் இல்லாம ரொம்ப கட்டியும் இல்லாம. ஒருத்தர் புரண்டா பக்கத்துல இருக்கறவருக்கு அவ்வளவா தெரியாது. உடம்பு சூட்டுக்கு இளகி உடம்பு வடிவத்துக்கு அமுங்கற மெமரி ஃபோம் குளிர்ல விறைச்சுக்கும், சூடேத்தாத அறைன்னா படுத்த உடனே பலகை மாதிரி இருக்கும். எதை வாங்கினாலும் ஜிப் வச்ச முழு உறை போடுங்க, மூட்டைப்பூச்சி உள்ள போகாது.

துணி: வெள்ளைக் காட்டன் பெர்கேல் (நெருக்கமா சாதா நெசவுல நெய்த துணி), 200ல இருந்து 300 நூல் எண்ணிக்கை (ஒரு சதுர இன்ச்சுல இருக்கற நூல்) போதும், 1000னு போட்டிருக்கறது பெரும்பாலும் முறுக்கின இழையைத் தனித்தனியா எண்ணினதுதான். கட்டிலுக்கு 3 செட், ஒண்ணு விரிப்புல, ஒண்ணு துவைக்க, ஒண்ணு அலமாரில. பூப்போட்டது எடுத்தா ஒரு தலகாணி உறை கிழிஞ்சா செட்டே போச்சு, வெள்ளைன்னா எதோட வேணா சேத்துக்கலாம், கறைக்கு பிளீச்சும் போடலாம். கிராமத்துக் களை வேணும்னா கால்மாட்டுல ஒரு கட்டம்போட்ட கம்பளி மடிச்சு வைங்க. ஒரே தடிமன் ரஜாய் வேணாம், ரெண்டு மெல்லிசு போர்வை குடுங்க, வேணுங்கறவங்க சேத்துப் போத்திப்பாங்க, மெஷின்லயும் அடங்கும். ஃபிட்டட் ஷீட்டோட (ஓரத்துல எலாஸ்டிக் வச்சு மெத்தையில மாட்டற விரிப்பு) ஆழம் மெத்தை உயரத்தை விட 2 இன்ச் கூட இருக்கணும், அதுவும் துவைச்சு சுருங்கினதுக்கு அப்புறம்.

பின்சேர்க்கை: இதைப் போட்டதும் நிறைய பேர் கேட்டது கட்டில் கிரீச்சுனு கத்துதேன்னுதான். மரம் சீசனுக்கு சீசன் சுருங்கி விரியும், போல்ட் தளரும், முறுக்கிவிடுங்க. அப்படியும் கத்தினா ஒருத்தர் மேல புரளட்டும், இன்னொருத்தர் அடியில படுத்து காதைக் குடுங்க. ரீப்பர் சட்டத்துல உக்கார்ற இடமா இருந்தா ஒரு துண்டு ஃபெல்ட், மரத்தோட மரம் சேர்ற மூட்டா இருந்தா கழட்டி மெழுகுவத்தியைத் தேச்சு திரும்ப மாட்டுங்க.