பிரியாணி சாப்பிட்டுவிட்டு மீட்டிங்கா? சூயிங்கம் மெல்லவும் ஒரு முறை இருக்கிறது

மதியம் வெங்காயப் பச்சடியோடு பிரியாணி, மூன்று மணிக்கு மீட்டிங். வாய் நாற்றத்தை மறைக்கப் பெட்டிக்கடையில் கைக்கு வந்த புதினா மிட்டாயையோ சூயிங்கமையோ வாயில் போட்டுக்கொண்டு ஓடுகிற ஆள்தான் நானும். பாதி நாள் அதுகூட நான் வாங்கியது கிடையாது, சில்லறை இல்லை என்று கடைக்காரர் கையில் திணித்தது.

முதலில் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். போலோ, டிக் டாக் இரண்டிலும் பெரும்பங்கு சர்க்கரைதான். ஒரு டிக் டாக் 0.49 கிராம், ஒரு தடவைக்கான அளவில் அரை கிராமுக்கும் குறைவாகச் சர்க்கரை இருந்தால் 0 என்று அச்சிட அமெரிக்காவில் விதி இடம் தருவதால், அங்கே அந்தக் குட்டி டப்பாவில் சர்க்கரை பூஜ்யம்! புதினா மணம் கொஞ்ச நேரம் நாற்றத்தை மூடும், அவ்வளவுதான்.

ஆர்பிட் மாதிரி சர்க்கரையில்லாத கம் என்றால் பின்பக்கம் 420, 965, 967 போன்ற எண்களில் ஒன்றிரண்டு இருக்கும். 420 என்றதும் மிரள வேண்டாம், அது சார்பிடால். 967 சைலிடால். இவற்றைச் சர்க்கரை மாதிரி பாக்டீரியாவால் அமிலமாக்க முடியாது. (வீட்டில் நாய் இருந்தால் சைலிடால் அதற்கு விஷம், மேசையில் போட்டு வைக்காதீர்கள்.)

சரி, இப்போது செய்முறை. நன்றாக வாய் கொப்பளித்துவிட்டு நாக்கை வழியுங்கள், நுனியை மட்டும் இல்லை, உள்ளே எவ்வளவு தூரம் குமட்டாமல் போகுமோ அவ்வளவு தூரம், ஏனென்றால் நாற்றமடிக்கும் கந்தக வாயுக்களைக் கிளப்பும் பாக்டீரியா பெரும்பாலும் அங்கேதான் குடியிருக்கிறது. அப்புறம் ஒரு கம், 20 நிமிடம். ஐந்து நிமிடத்தில் இனிப்பு போனதும் துப்பிவிடுகிறோமே, அதுதான் தப்பு. வேலை செய்வது புதினா இல்லை, மெல்லுவதால் ஊறும் எச்சில். காலையில் வாய் நாறுவதும் தூக்கத்தில் எச்சில் வற்றுவதால்தான்.

பூண்டு மட்டும் இதற்கு மசியாது. அதன் வாடை ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக மூச்சில் வரும், எத்தனை கம் மென்றாலும். நிறைய மென்றால் வயிறுதான் இளகும்.

சிங்கப்பூர் போகிறவர்கள் பெட்டியில் பாக்கெட் பாக்கெட்டாக அடுக்க வேண்டாம். அங்கே 1992 முதல் இறக்குமதித் தடை. 2004-க்குப் பிறகு மருத்துவப் பயன் உள்ளவை மட்டும் மருந்தாளுநரிடமோ பல் மருத்துவரிடமோ கிடைக்கும்.

சுற்றியிருந்த தாளை மட்டும் எறிந்துவிடாமல் சட்டைப்பையில் வையுங்கள். மீட்டிங் அறைக்குள் போகுமுன் அதில் மடித்துக் குப்பைத்தொட்டியில் போடலாம், நாற்காலிக்கு அடியில் ஒட்ட வேண்டியதில்லை.