பாயை வெட்டிப் போர்க்கவசம்: முதல்முறை செய்பவர்களுக்கு

போன டிசம்பரில் எங்கள் தெரு கேரல் குழுவில் கிறிஸ்துமஸ் தாத்தாவோடு ஒரு விண்வெளிப் போர்வீரனும் வந்தான். கதவகலத் தோள், பீப்பாய் மார்பு, உரல் மாதிரி பூட்ஸ். உள்ளே நான்தான். தாத்தாவின் மிட்டாயை விட்டுவிட்டு ஓடி வந்த ஒரு பொடியன் என் நெஞ்சை ஓங்கித் தட்டினான். 'டங்' என்று கேட்கும் என்று எதிர்பார்த்திருப்பான் போல. 'பொத்' என்றதும் முகம் சுருங்கிவிட்டது.

அது இரும்பு இல்லை. குழந்தைகள் விளையாடத் தரையில் பல் பல்லாகக் கோத்துப் போடுவோமே, அந்த ஃபோம் பாய். கடைக்காரர்கள் ஈவிஏ என்பார்கள். நாம் போடும் ரப்பர் செருப்பு பலவற்றின் அடிப்பாகமும் இதே சரக்குதான். கத்தியில் வெட்டுப்படும், சூட்டில் வளையும், பசையில் பிடிக்கும். என் கவசம் ஹெல்மெட்டோடு சேர்த்து ஏறக்குறைய 4 கிலோதான் இருந்தது.

இது என் இரண்டாவது கவசம். முதலாவதில், பெரிதாகத் தெரிய வேண்டும் என்று ஃபோமை மூன்றடுக்கு ஒட்டினேன். போட்டுக்கொண்டு எங்கள் வீட்டு மாடிப்படியில் இரண்டாவது படியில் நின்றுவிட்டேன், முழங்கால் மடங்கவில்லை. அன்று புரிந்தது: பருமனைக் காற்றால்தான் செய்ய வேண்டும். ஃபோம் ஒரு சுற்று போதும். உடம்புக்கும் ஃபோமுக்கும் நடுவே விடும் இடைவெளிதான் ஆளைப் பெரிதாக்கிக் காட்டும்.

என்னென்ன வேண்டும்

10 முதல் 12 மி.மீ. தடிமனுள்ள பாய், 60 செ.மீ. சதுரத்தில் கிடைப்பது. முழுக் கவசத்துக்கு ஒரு டஜன் வாங்கி வையுங்கள், வெட்டுப் பிழைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். விளிம்பு வேலைக்கு 5 மி.மீ. ஷீட், நகாசுக்கு ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் 2 மி.மீ. ஃபோம் ஷீட். பிளேடு ஒடிக்கிற பெரிய கட்டர், கடும் சூட்டுக் காற்றை ஊதும் ஹீட் கன், ரப்பர் பசை, வெல்க்ரோ, அகல எலாஸ்டிக், பழைய ஸ்கூல் பையின் வாரும் கிளிப்பும். பையைத் தூக்கிப் போடுவதற்கு முன் இதற்கென்று பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

டி.வி. பெட்டிக்குள் வரும் வெள்ளை பேக்கிங் ஃபோமை வைத்துச் சிக்கனம் பண்ணலாம் என்று தோன்றும். வேண்டாம். நகத்தால் அழுத்திப் பாருங்கள்: பாய் எழும்பிவிடும், அதில் பள்ளம் அப்படியே நிற்கும். தெர்மாகோல் இன்னும் மோசம், ரப்பர் பசை பட்ட இடம் கண்முன்னே கரைந்து குழியாகும்.

அளவு: இங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும்

உள்ளே போடப்போகும் உடையைப் போட்டுக்கொண்டு நில்லுங்கள். நண்பன் ஒருவன் உங்கள் உடம்பைச் சமையலறை பிளாஸ்டிக் தாளால் சுற்றி, மேலே டேப்பை ஒட்டட்டும். கழுத்துக்கு மேலே போகக் கூடாது, மார்பை இறுக்கவும் கூடாது. டேப்பின் மேல் பேனாவால் கவசத்தின் கோடுகளை வரைந்து, நடுக்கோடு, இடுப்புக்கோடு எல்லாம் குறித்த பிறகு முதுகுப் பக்கமாகக் கத்தரிக்கோலால் வெட்டிக் கழற்றுங்கள். கோட்டோடு வெட்டிப் பரப்பினால் அதுதான் உங்கள் உடம்பின் வெட்டுப் படம்.

ஆனால் அது உடம்போடு ஒட்டின அளவு. பருமனுக்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. உடம்பைச் சுற்றி ஒரு செ.மீ. இடைவெளி விட்டால் சுற்றளவு ஏறக்குறைய 6.3 செ.மீ. கூடும். பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டு பை ஆர் தான், வேறொன்றுமில்லை. என் தொடைச் சுற்று 54 செ.மீ. இடைவெளி 2 செ.மீ., ஃபோமின் பாதித் தடிமன் அரை செ.மீ., ஆக 2.5. அதை 6.3-ஆல் பெருக்கினால் 16 செ.மீ. வரும். எனவே தொடைக்குழாயை 70 செ.மீ.க்கு வெட்டினேன். ஃபோமின் தடிமனைக் கணக்கில் சேர்க்காதவர்கள்தான், 'அளந்துதானே வெட்டினேன், எப்படி இறுகுது?' என்று தலையில் கைவைப்பார்கள். முன்னங்கைக்கு இன்னொரு தொல்லை. மணிக்கட்டு மெலிது, உள்ளங்கை அகலம். கை நுழைய வேண்டுமென்றால் உள்ளங்கைச் சுற்றை அளந்து வெட்டுங்கள், இல்லாவிட்டால் உள்பக்கத்தில் பிளவு விட்டு வெல்க்ரோ வையுங்கள்.

வெட்டுப் படத்தை நேராக ஃபோமில் வைக்காதீர்கள். முதலில் அட்டையில் வெட்டி, டேப் போட்டு ஒட்டி, உடம்பில் மாட்டுங்கள். மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்காருங்கள், மாடிப்படி ஏறுங்கள், இரண்டு கையையும் தூக்குங்கள், குனிந்து செருப்பை எடுங்கள். எங்கே இடிக்கிறதோ அங்கே அட்டையை நறுக்குங்கள். பெரும்பாலும் அக்குள், இடுப்பு மடிப்பு, முழங்காலின் பின்பக்கம். எனக்கு இந்த அட்டை வேலையிலேயே இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. பழுதில்லை.

வெட்டு

அட்டையை ஃபோமில் வைத்துப் பேனாவால் வரையுங்கள். ஸ்கெட்ச் பேனா வேண்டாம், அதன் மை பிறகு பெயின்ட்டைத் தாண்டி மேலே கசியும். இரண்டு துண்டு சேரும் ஓரங்களில் அங்கங்கே குறுக்குக் கோடு போட்டு வையுங்கள், தையல்காரர் போடுவது மாதிரி. பிறகு கோட்டுக்குக் கோடு சேர்த்து ஒட்டினால் போதும். ஒவ்வொன்றின் பின்னாலும் 'இடது', 'வலது' என்று எழுதுங்கள். வலது காலுக்கு அட்டையைத் திருப்பிப் போட்டு வரைய வேண்டும். நான் திருப்பாமல் இரண்டு இடது கால் வெட்டி வைத்திருந்தேன்.

கத்தியை ஒரே அழுத்தில் இறக்காமல் இரண்டு மூன்று இழுப்பில் வெட்டுங்கள். ஓரம் பிசிறு தட்டினால் பிளேடு மழுங்கிவிட்டது, அடுத்ததை ஒடியுங்கள். மழுங்கின பிளேடுதான் வழுக்கிக் கையை வெட்டும். பெட்டி மாதிரி மூலை வேண்டிய இடத்தில் இரண்டு ஓரத்தையும் 45 பாகையில் சாய்த்து வெட்டினால் சேரும்போது செங்கோணமாகும். குமிழான தோள்பட்டைக்கு ஜாக்கெட்டில் டார்ட் பிடிப்பது போல் ஆப்பு வடிவில் துண்டை எடுத்துவிட்டு ஓரங்களைச் சேர்க்க வேண்டும். தையல் தெரிந்தவர்கள் யாராவது வீட்டில் இருந்தால் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு டார்ட் சொல்லித் தந்தது அக்காதான்.

சூடு

ஒட்டுவதற்கு முன்பே வளைத்துவிட வேண்டும். ஹீட் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இரண்டு பக்கமும் காட்டுங்கள். மேல்தோல் லேசாக மினுங்கும். அதுதான் பதம். உடனே தொடைத் துண்டைக் குடத்திலும், கைத் துண்டைச் செம்பிலும் சுற்றி, ஆறும்வரை பிடித்திருங்கள். கைக்கு கையுறை வேண்டும். முடி உலர்த்தும் டிரையர் இந்தத் தடிமனுக்குப் பத்தாது. கேஸ் அடுப்பில் காட்டலாமா என்று அக்கா மகன் கேட்டான். காட்டக் கூடாது. ஃபோம் தீப்பிடித்தால் உருகிச் சொட்டும்.

இன்னொரு வித்தை: மேல்பக்கத்தில் பாதி ஆழத்துக்குக் கத்தியால் கோடு கீறிச் சூடு காட்டுங்கள். கீறல் வாய் பிளந்து, தகட்டுக்குத் தகடு சேர்த்தது மாதிரி அழகான கோடாகும். வெற்று நெஞ்சுத் துண்டு இரண்டே நிமிடத்தில் இயந்திரமாகிவிடும். ஆசைப்பட்டு எல்லா இடத்திலும் கீறாதீர்கள்.

பசை

ஃபெவிகால் எஸ்ஆர் 998 மாதிரியான ரப்பர் பசைதான் வேண்டும், மரவேலைக்கான வெள்ளை ஃபெவிகால் இல்லை. நாகர்கோவிலில் பைக் சீட் தைக்கும் ஒரு அண்ணனிடம் பசை கேட்டுப் போனபோது அவர் சொன்னது: "பூசின உடனே ஒட்டாத மக்ளே, காய விடு. காஞ்சாத்தான் பிடிக்கும்." இதைக் கேட்காமல் பசை ஈரத்திலேயே சேர்த்துவிட்டு, மறுநாள் பிய்ந்து கிடப்பதைப் பார்த்துக் கம்பெனியைத் திட்டுகிறவர்கள் உண்டு.

இரண்டு ஓரத்திலும் மெல்லிசாகப் பூசி 10, 15 நிமிடம் விடுங்கள். விரலின் பின்புறத்தால் தொட்டால் நூல் இழுக்காமல் இருக்க வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத்தான் வருஷத்தில் இரண்டு மழைக்காலமாயிற்றே. ஜூன், ஜூலையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இன்னும் பொறுங்கள். இரண்டு முனையையும் முதலில் சேர்த்து, பிறகு நடுவை, அப்புறம் மிச்சத்தை அழுத்துங்கள். ஒரு தடவை தொட்டால் பிடித்ததுதான், திருத்த முடியாது.

இந்தப் பசையின் ஆவி தலையைச் சுற்ற வைக்கும், தீயும் பிடிக்கும். மொட்டைமாடியிலோ திறந்த திண்ணையிலோ வேலை செய்யுங்கள். பக்கத்தில் கொசுவர்த்தி, சாமி விளக்கு, பீடி எதுவும் கூடாது. துணி முகமூடி தூசிக்குத்தான், ஆவியைத் தடுக்காது. ஆவியைப் பிடிக்கும் வடிகட்டி மாட்டிய முகமூடி கிடைத்தால் வாங்கிவிடுங்கள்.

உடம்பில் நிறுத்துவது

கவசம் அழகாக இருந்தும் நடக்க நடக்கச் சரிந்து இறங்குவதைப் பல மாறுவேடப் போட்டிகளில் பார்த்திருக்கிறேன். எடை முழுவதும் தோளிலும் இடுப்பிலும் உட்கார வேண்டும். பழைய பை வாரை வைத்து ஓர் உள்வார் செய்து கொள்ளுங்கள். மார்பும் முதுகும் தோள்வாரில் தொங்கும், பக்கவாட்டில் கிளிப். இடுப்பில் அகலமான பெல்ட், அதிலிருந்து எலாஸ்டிக் இறங்கித் தொடைக்குழாயைத் தூக்கிப் பிடிக்கும். தோள்பட்டையை மார்போடு ஒட்டிவிடாமல் வாரில் தொங்கவிட்டால் கையைத் தூக்கும்போது அதுவும் கூட எழும்பும். வெல்க்ரோவின் பின்பசையை நம்பாதீர்கள், வியர்வையில் உரிந்துவிடும். வாரில் தைத்து, ஃபோம் பக்கம் ரப்பர் பசை போடுங்கள்.

இடைவெளி விட்டிருக்கிறோமே, அதைக் காப்பாற்ற மெத்தை ஸ்பாஞ்சை முக்கோணமாக நறுக்கி நெஞ்சு, முதுகு, தொடையின் உள்ளே அங்கங்கே ஒட்டுங்கள். முழுவதும் நிரப்பினால் காற்றோட்டம் போய்விடும். பூட்ஸைப் பழைய கேன்வாஸ் ஷூவின் மேலேயே கட்டுங்கள், ஷூவின் அடிப்பாகம் தரையைத் தொடட்டும். வெறும் ஃபோம் அடி டைல்ஸில் எண்ணெய் கொட்டினது மாதிரி வழுக்கும்.

ஹெல்மெட்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், கை பழகியிருக்கும். தலையைச் சுற்றி 3 செ.மீ. இடம், கண்ணுக்குக் கறுப்பு அக்ரிலிக் தாள் அல்லது பழைய பைக் ஹெல்மெட்டின் கண்ணாடி, வாய்க்கு நேரே மறைவான துளைகள், உள்ளே பவர் பேங்கில் ஓடும் 5 வோல்ட் சின்ன ஃபேன். ஃபேன் இல்லாவிட்டால் ஐந்து நிமிடத்தில் கண்ணாடி பனிமூட்டம்.

வண்ணம்

ஃபோம் பெயின்ட்டைக் குடிக்கும். முதலில் முழுவதும் சூடு காட்டித் துளைகளை மூடுங்கள். அப்புறம் வெள்ளை ஃபெவிகாலைத் தண்ணீரில் சரிபாதி கலந்து மெல்லிசாக நான்கைந்து கை பூசுங்கள். ஒவ்வொரு கையும் காய்ந்த பிறகே அடுத்தது. அதிகம் மடங்கும் இடத்தில் இது வெடிக்கும், அங்கே ரப்பர்தன்மையுள்ள ஸ்பிரே நல்லது. நம் ஊரில்தான் ரப்பர் பாலுக்குப் பஞ்சமில்லையே என்று குலசேகரம் பக்கமிருந்து ஒரு குப்பி பால் வாங்கி வந்து பூசிப் பார்த்தேன். நாற்றம் ஒரு வாரம் போகவில்லை, தொட்டால் கை ஒட்டியது, பெயின்ட் தோலாக உரிந்தது. செய்யாதீர்கள்.

முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளி, அதன்மேல் உங்கள் நிறம், எல்லாம் அக்ரிலிக். பிறகு கறுப்பையும் காவியையும் நீர்க்கக் கரைத்துப் பூசி உடனே துணியால் துடையுங்கள். கோடுகளில் அழுக்கு தங்கும், மேடு பளிச்சென்று நிற்கும். துரு எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால் ஒரு நாள் சின்னமுட்டம் துறைமுகத்துக்குப் போய் நிற்கும் விசைப்படகுகளைப் பாருங்கள். உப்புக்காற்று எங்கே கடிக்கிறது, ஆணியடியிலிருந்து துரு எப்படிக் கோடாக வழிகிறது, கயிறு உரசும் ஓரம் எப்படி வெளுக்கிறது என்று அவை காட்டும். நான் இதற்கென்றே மீன் வாங்கும் சாக்கில் இரண்டு தடவை போனேன்.

போட்டுக்கொண்டு வெளியே போகும்போது

கூட ஒருவர் கட்டாயம் வேண்டும். உங்களுக்குக் காலடி தெரியாது, படி வந்தால் அவர்தான் சொல்ல வேண்டும். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை ஹெல்மெட்டைக் கழற்றித் தண்ணீர் குடியுங்கள். கழிப்பறை வேலையை முன்பே முடித்துவிடுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கன்னியாகுமரிக் கடற்கரையில் படம் எடுக்க ஆசையென்றால் காற்று குறைந்த விடியற்காலையில் போங்கள். அகலத் தோள்பட்டை பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். ஆரல்வாய்மொழிப் பக்கம், அவ்வளவு காற்றாலைகளுக்கு நடுவே இதை மாட்டிக்கொண்டு நின்ற அன்று நான் முன்னால் வைத்த காலைக் காற்று பின்னால் வைத்தது.

வெயிலில் நிற்கும் காருக்குள் கவசத்தை விட்டுவிட்டுப் போகாதீர்கள், ரப்பர் பசை இளகி ஓரங்கள் வாய் பிளக்கும். வீட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் நசுங்கிக் கோணும். என் மார்புத் துண்டு இப்போது சட்டை ஹேங்கரில் பீரோவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா அதைப் பார்த்து இரண்டு தடவை கத்திவிட்டாள். அதன்மேல் ஒரு பழைய லுங்கியைப் போர்த்தி வைத்திருக்கிறேன்.